லண்டன் பொருட்காட்சியில் சின்னத் தாத்தா

என் அக்கா இந்திராணியை மூன்று பேர் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேருக்கும் அவளைப் பிடித்திருந்தது. மூன்று பேருக்கும் அவளுடைய இடது கையைப் பிடிக்கவில்லை. கையை மட்டும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு மற்றதைக் கட்டிக்கொண்டு போக வழியில்லாததால் மூன்று வரனும் நின்றுபோயின.

அக்காவுக்கு எல்லாம் இடது கைதான். விளக்கேற்றுவது, கோலம் போடுவது, பூத் தொடுப்பது, என் முதுகில் ஒன்று வைப்பது எல்லாம். சோறு சாப்பிடுவதை மட்டும் பால் குடி மறந்த கையோடு வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். மற்றதையும் மாற்ற எங்கள் அப்பா வீரபாகு பெரும்பாடு பட்டார். அவளுக்கு ஆறு வயதில் இடது கையை முதுகுப் பக்கம் வைத்துக் கட்டிப்போட்டாராம். கயிறு உறுத்துமே என்று பட்டு நூல் கழிவை முறுக்கிக் கட்டினாராம். எங்கள் ஊரில் தண்டனைகூடப் பட்டில்தான். சாயங்காலம் கட்டை அவிழ்த்ததும் அந்தக் கை, ஒன்றும் நடக்காததுபோல் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

தறியில் மட்டும் அது யாருக்கும் உறுத்தியதில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் அப்பா, ஓரத்தில், கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவை வீச, அக்கா. அவள் இடது கையிலிருந்து நாடா கிளம்பும் நேரம் அப்பாவுக்குப் பார்க்காமலே தெரியும். அந்தக் கையை நம்பித்தான் பத்து வருஷமாக நெய்துகொண்டிருந்தார். தறியை விட்டு எழுந்ததும் அதே கையைப் பார்த்து, "சோத்தாங்கை! சோத்தாங்கை!" என்று வலது கையை நினைவுபடுத்த ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவது வரன் போன அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குப் பிறகு அக்கா இடது கையை முந்தானைக்குள் சுற்றி ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தாள். வலது கையால் கோலம் போட்டாள். அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

நான் அப்போது பி.ஏ. சரித்திரம் கடைசி வருஷம். 'குட்டு' என்ற கையெழுத்துப் பத்திரிகைக்கு நானே ஆசிரியர், நானே ஓவியன், வாசகர்களிலும் பாதி நான். ஊரில் உலவும் புளுகுகளைக் கண்டுபிடித்துத் தலையில் குட்டுவது அதன் லட்சியம். அறுபத்தெட்டாம் வருஷம் எங்கள் காலேஜில் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். நாலு தவளை, ஒரு மின்சார மணி, அந்த மணி அடிக்காததற்கு ஒரு விளக்க அட்டை. அதைக் கிண்டல் பண்ண அட்டைப்படம் தேடிக்கொண்டு சின்னப்பையனின் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். வாலாஜாபாத்தில் யாரோ ஒரு வக்கீல் வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டை ஒன்று அங்கே கிடந்தது. அத்தனையும் லண்டன் வாரப் பத்திரிகைத் தாள்கள், போன நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாதிக்குமேல் பக்கோடா கட்டப் போய்விட்டிருந்தன.

மிச்சத்தில்தான் அந்தப் படம் கிடைத்தது. கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். மயிரிழைக் கோடுகளாலேயே ஒரு கண்ணாடி மாளிகையைக் கட்டியிருந்தான் செதுக்கினவன். உள்ளே தென்னை உயரத்துக்கு மரங்கள், கொடிகள், பீரங்கிகள், பாடம் பண்ணிய யானை, தொப்பி போட்ட கூட்டம். லண்டனில் நடந்த ஏதோ ஒரு சர்வதேசப் பொருட்காட்சி. எந்த வருஷம் என்பதை எலி தின்றுவிட்டிருந்தது. வலது மூலையில் சிப்பாய்கள் காவல் நிற்க, குழித்தறி ஒன்றை மேடைபோட்டு வைத்திருந்தார்கள். தறியில் ஒரு மனிதர். வெறும் உடம்பு, குடுமி, மூக்கு நம் ஊர் மூக்கு. அவருக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல வந்தவர்போல் பூணூலோடு ஒரு ஐயர். கீழே இங்கிலீஷில், "தன் நாட்டுத் தறியில் காஞ்சீவரத்து நெசவாளி" என்று போட்டிருந்தது.

அந்த மனிதர் இடது கையால் நாடா வீசிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் காணாமல் போன ஒருவர் உண்டு. அப்பாவின் தாத்தாவுக்குத் தம்பி, சோமசுந்தரம் என்று பேர், வீட்டில் எல்லாருக்கும் சின்னத் தாத்தா. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு நடந்தே போனவர், அங்கே கப்பலேறிவிட்டதாகப் பேச்சு. எங்கள் வீட்டில் யார் முறைத்துக்கொண்டு வெளியே கிளம்பினாலும் அம்மா, "சோமசுந்தரம் போனாப்ல போயிடாதே, தோசை ஊத்தறேன்" என்பாள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிற ஒரு வேடிக்கை பண்ணலாம் என்று நினைத்துப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அப்பா, சின்னத் தாத்தா கெடைச்சிட்டாரு."

"எங்கடா?"

"லண்டன்ல. பொருட்காட்சியில."

அம்மா காமாட்சியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். மெட்ராஸ் பொருட்காட்சிக்கு ஒரு தடவை போய்வந்தவள். "பொருட்காட்சியா? அப்பளம், ராட்டினம் எல்லாம் போட்டிருந்தாங்களா?"

"அப்பளம் இல்லம்மா. யானை இருக்குது."

"பேரு போட்டிருக்குதா?" என்றார் அப்பா.

"போட்டிருந்திருப்பான். எலி தின்னுட்டுது." வருஷத்தைத் தின்ற எலிமேல் இன்னொரு குற்றத்தையும் சுமத்தினேன். "பேரு எதுக்குப்பா? கையைப் பாருங்க."

அப்பா தாளை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். 'போடா கழுதை' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு கையைப் பார்க்க இவ்வளவு நேரம் வேண்டாமே என்று தோன்றும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காமாட்சி, இத்தப் பாரு. நம்ம வீட்டுக் கை" என்றார். அக்கா தறியோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. வம்சத்துல வர்றது" என்றார்.

அக்கா கிட்டே வந்து படத்தைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அம்மா லண்டனுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாள் அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா முந்தானையிலிருந்து இடது கையை வெளியே எடுத்து, அப்பாவுக்கு எதிரிலேயே விளக்கேற்றினாள். அப்பா விளக்கைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள் எதிர்வீட்டுக்காரர்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு குணமாகிவிட்டதா என்று விசாரித்தார்கள்.

உண்மையைச் சொல்ல அவசரம் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் சவரம் பண்ணிக்கொள்ள முகக் கண்ணாடியை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தேன். என் கன்னத்துக்குப் பின்னால் லண்டன் பொருட்காட்சி தெரிந்தது. அதில் ஏதோ ஒரு நிம்மதி இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதுபோல. சிப்பாய்களின் கத்தி இடது இடுப்பில் இருந்தது. ஐயரின் பூணூல் இடது தோளில் இருந்தது. சோமசுந்தரம் தாத்தா வலது கையால் நாடா வீசிக்கொண்டிருந்தார். திரும்பி நேரே படத்தைப் பார்த்தேன். கத்தி வலப்பக்கம். பூணூல் வலத்தோள். படமே கை மாறி அச்சாகியிருந்தது. கன்னத்தில் ஒரு வெட்டு விழுந்தது.

யோசித்துப் பார்த்ததில் சங்கதி எளிமையாக இருந்தது. செதுக்கினவன் வேறு எதையோ பார்த்து அப்படியே கட்டையில் வெட்டியிருக்கிறான். மையைத் தடவித் தாளில் ஒற்றினால் எல்லாம் கை மாறித்தானே விழும்? எழுத்தை மட்டும் தனியாகக் கோத்திருப்பார்கள். அதனால் அது நேராக இருந்தது. ஆக, லண்டன் பொருட்காட்சி மொத்தமும் இடது கையாக இருந்ததே தவிர, காஞ்சீவரத்து நெசவாளி இல்லை. இதை எழுதினால் 'குட்டு'வில் இரண்டு பக்கம் வரும். அன்று அக்கா பூத் தொடுத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கன்னத்தில் படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அந்த வாரமே தரகர் உமாபதி நாலாவது வரனோடு வந்தார். பையன் சின்ன காஞ்சிபுரம். பேர் கைலாசம். அப்பா இல்லை, அம்மா மட்டும். நம் ஜனம்தான், ஆனால் தறியில் இல்லை.

"பின்ன?" என்றார் அப்பா.

"பிரஸ்ல பிளாக் வெட்றாரு. கல்யாணப் பத்திரிகையில பிள்ளையாரு, மயிலு, மேளம் எல்லாம் வருதில்ல? கட்டையில அவரு செதுக்கறதுதான். நல்ல பேரு."

இந்த ஊரில் இத்தனை ஆயிரம் பேர் இருக்க, அந்தப் படத்தைப் பார்த்ததும் குட்டை உடைக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் வீட்டுக்குக் கேசரி சாப்பிட வருகிறார்.

"பொண்ணுக்கு இடது கைன்னு முன்னயே சொல்லிடு," என்றார் அப்பா உமாபதியிடம். "வம்சத்துல வர்றதுன்னும் சொல்லு. லண்டன்ல பொருட்காட்சியில வெச்ச கைன்னு சொல்லு."

"யாரு பாத்தாங்க, ராணியா?"

"பாக்காமயா இருந்திருப்பாங்க?"

ஆக, எங்கள் தரப்பு வாதம் முழுவதும் அந்த ஒற்றை ஆணியில் தொங்கியது. பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கழற்ற என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். முதலில் படத்தின்மேல் கூட்டுறவுச் சங்கத்துக் காலண்டரை மாட்டினேன். அப்பா எடுத்துவிட்டார். சட்டத்தில் கரையான் ஏறுகிறது என்றேன். மண்ணெண்ணெய் தடவினார். சாமி படங்களோடு உள்ளே வைத்தால்தான் மரியாதை என்றேன். அம்மா ஒரு நிமிஷம் இளகினாள், அப்பா மசியவில்லை. "டேய் பி.ஏ., உனக்கு இன்னாடா ஆச்சு? நீதானே கொண்டாந்தே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கைலாசம் ஒல்லியாக இருந்தார். நகக்கண்ணில் மை. உளி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல். அவருடைய அம்மா பெரியநாயகி எதையும் நேரே கேட்கிறவள். உட்கார்ந்த உடனே, "பொண்ணுக்கு இடது கைன்னாரு உமாபதி. வம்சம்னும் சொன்னாரு. எங்க வம்சம்?" என்றாள், ஏதோ பாத்திரத்தை எடுத்துவந்து காட்டச் சொல்வதுபோல.

அப்பா சுவரைக் காட்டினார்.

பெரியநாயகிக்குக் கண் சரியாகத் தெரியாது. "நீ பாருடா" என்றாள் மகனிடம். கைலாசம் எழுந்து படத்தின் கிட்டே போனார். நானும் பஜ்ஜித் தட்டோடு பின்னாலேயே போனேன். முதலில் வேலைப்பாட்டைப் பார்த்தார். சக தொழிலாளியின் கோடுகளை மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்து ரசித்தார். பிறகு கண் சிப்பாய்களிடம் போனது. அங்கிருந்து ஐயரிடம் போய் நின்றது. மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"தம்பி," என்றார் என் காதோரம். "இந்த ஐயரு லண்டன்ல யாருக்குத் திவசம் பண்றாரு?"

பூணூலை வலத்தோளுக்கு மாற்றிப் போடுவது திவசத்துக்குத்தான். "கடல் தாண்டிட்டாரில்ல. தனக்கே பண்ணிக்கிறாரு போல," என்றேன். பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நீட்டினேன். "அண்ணே, வேணாண்ணே. அக்கா இப்பத்தான் பாடிக்கினு இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"இன்னாடா? நல்லா இருக்குதா படம்?" என்றாள் பெரியநாயகி.

"அருமையான வேலைம்மா," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்படியா? சீமை வரைக்கும் போன கைன்னா நாம இன்னா சொல்றது. வம்சத்துல வர்றத யாரு மாத்த முடியும்?" என்று பெரியநாயகி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உமாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பெருமூச்சு விட்டேன்.

அக்கா காபியோடு வந்தாள். இடது கையால்தான் டம்ளரை எடுத்துப் பெரியநாயகி முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அந்தப் படம் மாறி விழுந்த படம்ங்க," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. புரிந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

"அதுல இருக்கறவங்க எல்லாருமே இடது கைதான். சிப்பாய்ங்க கத்தியப் பாருங்க, ஐயரு பூணூலப் பாருங்க. திருப்பிப் பாத்தா அந்தத் தறிக்காரரு நம்மள மாதிரி... உங்கள மாதிரி. சோத்தாங்கைக்காரரு. அவரு எங்க தாத்தாவா இருந்தாலும் இருக்கலாம், இல்லாட்டியும் இல்ல. கை அவரோடது இல்ல. நாளைக்கு வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சா, ஏமாத்திக் குடுத்துட்டாங்கன்னு ஆவும்."

பெரியநாயகி அவளையே பார்த்தாள். "அப்போ வம்சத்துல இல்லியா?"

"இல்லீங்க. எனக்கு மட்டும்தான்."

அம்மாவின் கண் ததும்பிவிட்டது. அப்பா துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். அதற்குமேல் மடிக்க அதில் துண்டு இல்லை. பெரியநாயகி மகன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் பிளாக் வெட்றவன்தானே. உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதும்மா."

"சொல்லவே இல்லியேடா?"

"கையப் பத்திக் கேட்டது நீதானேம்மா? நான் ஒண்ணும் கேக்கலியே." கைலாசம் காய்த்துப்போன கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். "நான் நாள் பூரா பிள்ளையாரையும் மேளத்தையும் மாத்தி மாத்தி வெட்றவன். சாயங்காலம் பிரஸ்ஸ விட்டு வெளிய வந்தா, வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னே ஒரு நிமிசம் தடுமாறுது. நான் போயி இன்னொருத்தரு கையக் குத்தம் சொல்லவா?"

இந்தப் பதிலை அவர் வரும் வழியிலேயே தயார் பண்ணியிருந்தார் என்பது என் சந்தேகம். இருந்தாலும் நன்றாக இருந்தது. அக்கா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பெரியநாயகி காபியை எடுத்துக் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தா பொண்ணு," என்றாள். "மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும். வெத்தல பாக்கு மட்டும் நாலு பேரு பாக்கக் குடுக்கறது. அத மட்டும் சோத்தாங்கையால குடுத்துடறியா?"

"அந்தக் கை பழகலீங்க. தட்டு ஆடும்."

"ஆடினா?"

"கொட்டிடும்."

தாம்பூலத் தட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் தட்டை எடுத்து, பெரியநாயகியின் முன்னால் வந்து நீட்டினாள். தட்டு ஆடவில்லை. கோயிலில் சாமிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுக்கிற தாம்பூலத்தில் குறை கண்டுபிடிக்க எந்த மாமியாருக்கும் வழி கிடையாது. பெரியநாயகி கண்டுபிடிக்க முயற்சி செய்தாள். அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் அவளும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நல்ல நாள் பாருங்க," என்றாள் உமாபதியிடம்.

அவர்கள் போனதும் அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். யாரோ ஒரு அந்நிய மனிதருக்கு இரண்டு வாரமாகப் பொட்டு வைத்திருக்கிறாள். கழற்றிவிடலாமா என்றேன். "யாரா இருந்தா இன்னாடா? அவ்ளோ தூரம் போயி தனியா உக்காந்துக்கினு இருக்காரு. இருக்கட்டும்," என்றாள்.

அக்கா அடுப்படியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ எப்போ கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"நீ கொண்டாந்த அன்னிக்கே."

"அன்னிக்கேவா? எனக்குப் பத்து நாள் ஆச்சே!"

"நீ பி.ஏ.தானே." அவள் சிரிக்கவில்லை. "அப்பா மூஞ்சியப் பாத்தியா அன்னிக்கு? என்னிக்காவது என் கையப் பாத்து அப்படிச் சந்தோசப்பட்டிருக்காரா? எப்படிடா சொல்றது? இன்னிக்கு வேற வழியில்லாம சொல்லிட்டேன். அவரு இன்னா பண்றாரு, போயிப் பாரு."

அப்பா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். அறுந்த இழை ஒன்றைப் பிடித்து முடிந்துகொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். சரித்திரப் பாடத்தில் இதற்கெல்லாம் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"அப்பா, மனசுக்குக் கஷ்டமா இருக்குதா?"

"எதுக்கு?"

"படம் அப்படி ஆயிடுச்சேன்னு."

அவர் இழையை முடிந்து, நுனியை எச்சிலால் தடவினார். "நம்ம தறியில புட்டா, அந்தப் பூ வேலை, நேர்ப்பக்கம் கீழ பாத்துத்தான் விழும்டா. எனக்குத் தெரியறது பின்பக்கம்தான். நாப்பது வருசமா எல்லாத்தையும் மாத்திப் பாத்தே பழக்கம். பூணூலு எந்தத் தோள்ல இருக்குதுன்னு கூடவா எனக்குத் தெரியாது? வாசல்ல வெச்சிப் பாத்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"அவளுக்கு ஆறு வயசுலருந்து அந்தக் கையத் திட்டிக்கினு இருக்கேன். அந்த மூணாவது ஆளு போன அன்னிக்கு, போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. ஆனா சும்மா எப்படிடா நிறுத்தறது? இத்தினி வருசம் திட்டினவன் திடீர்னு ஒரு நாள் நிறுத்தினா, பொண்ணு இன்னா நெனைக்கும்? ஏதாவது ஒரு சாக்கு வேணுமில்ல." அடுத்த இழையைத் தேடிக்கொண்டே சொன்னார். "நீ ஒண்ணு கொண்டாந்தே."

இழை கிடைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவகிட்ட போயி இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காதே," என்றார்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்துவிட்டாள். "இன்னா சொல்லக் கூடாதாம்?"

"ஒண்ணுமில்ல. கரை நின்னுக்கினு இருக்குது, வந்து உக்காரு," என்றார் அப்பா.